பால்மரப் பலகை ஆலையில் தூசி வெடிப்பு: நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் வடஜொகூரில் ஓர் எஸ்டேட் டவுன். டவுனைத் தாண்டியதும் வரும் மரச்சாமான் ஆலையில், காலை 7.10 மணிக்கு, சுவருக்கு வெளியே நின்ற, தூசியை உறிஞ்சிச் சேர்க்கும் டஸ்ட் கலெக்டர் வெடித்தது. இரண்டு மூன்று விநாடி கழித்து இன்னொரு சத்தம். இம்முறை, பலகையைத் தேய்த்து மெருகேற்றும் சாண்டிங் கூடத்தின் தகரக் கூரை எழும்பியது. பிளாக் கல் சுவர் ஒன்று வெளிப்பக்கமாகச் சரிந்தது. டஸ்ட் கலெக்டருக்குப் பின்புறம் சில அடி தள்ளி நின்ற போர்க்லிப்ட் ஓட்டுநருக்குக் காது அடைத்ததோடு சரி. தீக்காயம் பட்ட மூவரும் கூடத்துக்குள், முதல் வெடிப்பு நடந்த இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தவர்கள். பக்கத்தில் நின்றவர் தப்பித்து, தூரத்தில் இருந்தவர்கள் கருகியது எப்படி என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒரே ஆலையின் கோப்பு அல்ல. பால்மரப் பலகை ஆலைகளில் வழக்கமாக இருக்கும் அமைப்பையும் பிழைகளையும் ஓரிடத்தில் சேர்த்து எழுதிய மாதிரி நிகழ்வு. ஆலையின் நீள அகலங்களும் சம்பவ நேரமும் அந்த மாதிரிக்கு உரியவை. தூசியின் பண்புகள், வெளிநாட்டு விபத்துகள், சட்டம் ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

ஆலையும் அதன் தூசியும்

25, 30 வயதாகிப் பால் குறைந்த பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, எஸ்டேட் வெட்டி விற்கிறது. அறுப்பாலையில் பலகையாகி, பூச்சி அரிக்காமல் இருக்கப் போரான் கரைசல் ஏற்றப்பட்டு, சூளையில் 8 முதல் 10 விழுக்காடு ஈரப்பதம் வரை உலர்ந்து இந்த ஆலைக்கு வருகிறது. இங்கே பலகையை நீளவாக்கில் அறுக்கும் ரிப் சா இரண்டு, நான்கு பக்கமும் இழைக்கும் மோல்டர் ஒன்று, அகலப் பட்டை சாண்டர் இரண்டு. மேசைக் காலும் நாற்காலிச் சட்டமும் ஆகி மூவாருக்கு லோரி ஏறுகின்றன.

இந்த ஐந்து இயந்திரங்களும் தள்ளும் தூள் ஒன்றல்ல. மோல்டரின் சுருளை நெருப்பில் போட்டால் எரியும், காற்றில் எறிந்தால் விழுந்துவிடும். 240 நம்பர் பட்டையில் தேய்ந்து வரும் சாண்டிங் தூளோ முகப் பவுடர் போல. பெரும்பகுதி 100 மைக்ரானுக்குக் கீழ். அரை மில்லிமீட்டருக்கு, அதாவது 500 மைக்ரானுக்குக் கீழ் உள்ள எரியக்கூடிய தூள் எதையும் வெடிக்கும் தூசி என்று சந்தேகப்படுவதே முறை. இந்த ஆலையில் ஐந்து இயந்திரங்களும் ஒரே டக்ட்டில் இணைந்து, ஒரே டஸ்ட் கலெக்டருக்குப் போயின. முதல் பிழை அதுதான். பொறி பறக்கக்கூடிய ரம்பத்தையும், பொறிக்காகக் காத்திருக்கும் தூளையும் ஒரே குழாயில் சேர்த்துவிட்டார்கள்.

கலெக்டர் 8 கன மீட்டர் கொள்ளளவு கொண்டது. துணிப் பைகளில் தூசி படியும். சில விநாடிக்கு ஒருமுறை 6 பார் காற்று பைகளுக்குள் சீறி, படிந்ததை உதறும். உதறியது கீழே புனல் வடிவ ஹாப்பரில் விழுந்து, இறக்கைகள் சுழன்று தூளை அனுப்பும் ரோட்டரி வால்வ் வழியாகச் சேமிப்புத் தொட்டியான சைலோவுக்குப் போய், சூளைக்கு ஆவி தரும் பாய்லரில் எரியும். வடிகட்டிய காற்று முன்பு வெளியே போனது. பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) தூசிப் புகார் வந்த பிறகு, அதைப் பெரிய டக்ட் ஒன்றின் வழியாகக் கூடத்துக்குள்ளேயே திருப்பிவிட்டார்கள். புகார் நின்றது. கலெக்டருக்குள் தீ பிடித்தால் அது நேராகக் கூடத்துக்குள் வர வழியும் திறந்தது.

முந்தின இரவு

ஓவர்டைம் நேரத்தில் ரிப் சா எதன் மீதோ மோதிக் கிறீச்சிட்டது. ஓட்டுநர் நிறுத்தி, பல் உடைந்த பிளேடை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

மோதியது என்னவாக இருக்கும் என்பது பால்மரம் வெட்டிப் பழகிய எவருக்கும் தெரியும். பால் வடிவதற்கு அடித்த தகரத் துண்டு, பால் சேரும் கிண்ணமான மங்கைத் தாங்கும் கம்பி, எப்போதோ அறைந்த ஆணி. மரம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து அவற்றை விழுங்கிவிடும். வெளியில் தழும்புகூடத் தெரியாது. காட்டு மரத்தை அறுக்கும் ஆலைக்கு இந்தத் தொல்லை குறைவு. பால்மரத்தை அறுக்கும் ஆலைக்கு இது தினசரி ஆபத்து. அறுப்பாலையில் பெரிய ரம்பம் துண்டாக்கிய கம்பியின் ஒரு சென்டிமீட்டர் எச்சம் பலகைக்குள் தங்கினாலே போதும்.

மோதலில் பறந்த வெறும் உலோகப் பொறிகள் பெரும்பாலும் டக்ட்டிலேயே அணைந்துவிடும். ஆபத்து, அந்தப் பொறி பட்டுக் கனலாகும் மரச்சில்லு. டக்ட்டில் காற்று விநாடிக்கு 20 மீட்டர் வேகம்; 36 மீட்டர் தூரத்தை இரண்டு விநாடிக்குள் கடந்து ஹாப்பரில் விழுந்திருக்கும். வேலை முடிந்து ஃபேன் நின்றது. ரோட்டரி வால்வும் அதே ஸ்விட்சில் நின்றதால் ஹாப்பரில் தூள் மிச்சம் கிடந்தது. அந்தக் குவியலுக்குள் காற்று குறைவு. கனல் தழலாகாமல், அணையவும் செய்யாமல் இரவு முழுக்க ஊர்ந்தது. மரத்தூளுக்கு இது இயல்பு. வெளியே புகையும் வராது, வாசமும் வராது.

காலையில் ஃபேனைப் போட்டதும் காற்று கிடைத்துக் கனல் சிவந்தது. பின்னாலேயே பைகளை உதறும் காற்று சீறியது. இரவு முழுக்கப் பைகளில் ஒட்டியிருந்த மெல்லிய தூள் மொத்தமாக உதிர்ந்து மேகமானது. கலெக்டர் வெடிப்புகள் நிறுத்தும்போதும் மறுபடி தொடங்கும்போதும் வருவதற்குக் காரணம் இந்தச் சேர்க்கைதான்.

அழுத்தத்தை வெளியேற்ற கலெக்டரின் பக்கத்தில் வெண்ட் பேனல் இருந்தது. 0.1 பார் அழுத்தத்தில் கிழிய வேண்டிய தகடு; ஒழுங்காகவே கிழிந்தது. ஆனால் அதற்கு இரண்டு மீட்டர் எதிரே, லோரிக்கு நிழலுக்கென்று பின்னாளில் ஒரு கொட்டகைச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இப்படி வெளியேறும் தீப்பிழம்பின் நீளத்துக்கு ஐரோப்பியத் தரநிலையில் ஓர் எளிய கணக்கு உண்டு: கொள்ளளவின் கன மூலத்தைப் பத்தால் பெருக்க வேண்டும். 8 கன மீட்டருக்குக் கன மூலம் 2. தீப்பிழம்பு 20 மீட்டர். 20 மீட்டர் போக வேண்டியதை 2 மீட்டரில் சுவர் தடுத்தால் அழுத்தம் திரும்பிக் கலெக்டருக்குள்ளேயே ஏறும். கலெக்டரின் தகட்டு இணைப்புகள் கிழிந்தன. தீ இரண்டு வழியாகக் கூடத்துக்குள் வந்தது: தூசி வந்த டக்ட் வழியாகப் பின்னோக்கியும், காற்றைத் திருப்பிய டக்ட் வழியாக நேராகவும்.

இரண்டாவது வெடிப்பு எங்கிருந்து வந்தது

தூசி வெடிக்க ஐந்து சேர வேண்டும்: எரியும் தூள், ஆக்சிஜன், பற்றவைக்கும் சூடு, தூள் காற்றில் கலந்து மேகமாதல், அதைச் சுற்றி மூடிய இடம். இதில் மேகம் என்பதை மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மரத்தூள் வெடிக்கக் கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 முதல் 60 கிராம் தேவை. அது எவ்வளவு அடர்த்தி? 40 கிராம் நிலக்கரித் தூள் மேகத்தில் 25 வாட் பல்பை எரியவிட்டால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அப்படிப்பட்ட காற்றில் யாரும் நின்று வேலை செய்ய முடியாது. எனவே “காத்துல தூசி மிதக்குது, ஆனா வெடிக்கிற அளவுக்கு இல்லை” என்று ஃபோர்மேன் சொன்னால் அவர் சொல்வது சரி. சாதாரண நாளில் அந்த அடர்த்தி கலெக்டர், சைலோ, டக்ட், எலிவேட்டர் ஆகியவற்றின் வயிற்றுக்குள் மட்டுமே இருக்கும். முதல் வெடிப்பு பெரும்பாலும் இயந்திரத்துக்குள் தொடங்குவது இதனால்தான்.

கூடத்தின் கணக்கு வேறு. முதல் வெடிப்பின் காற்றலை தீக்கு முன்னால் ஓடிவந்து, உத்தரம், சட்டம், டக்ட்டின் மேல்முகம், கேபிள் தட்டு, விளக்கின் முதுகு என்று எங்கெல்லாம் தூசி கிடக்கிறதோ அதையெல்லாம் கிளப்புகிறது. பின்னால் வரும் தீ கிளம்பியதைப் பற்றவைக்கிறது.

இந்தக் கூடம் 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். தரைப்பரப்பு 1,000 சதுர மீட்டர். தலைக்கு மேலே தூசி தங்கக்கூடிய கிடைமட்டப் பரப்பை அளந்து கூட்டினால் 120 சதுர மீட்டர். சராசரித் தடிமன் 10 மி.மீ. சாண்டிங் தூளின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தால் ஒரு சதுர மீட்டரில் 2 கிலோ; மொத்தம் 240 கிலோ. அது விழுந்து கூடத்தின் மேல்பாதி 3 மீட்டர் உயரத்தில், அதாவது 3,000 கன மீட்டரில் பரவினால் கன மீட்டருக்கு 80 கிராம். தேவையைவிட அதிகம். தரை பளபளவென்று இருந்ததால் இந்தக் கணக்கில் ஒரு கிராம்கூட மாறாது.

மூடிய பாத்திரத்தில் மரத்தூள் வெடித்தால் அழுத்தம் 8, 9 பார் வரை போகும். கட்டடம் அதுவரை தாங்காது, தாங்கவும் தேவையில்லை. கம்பி வைக்காத பிளாக் சுவர் 0.2 பாருக்குள் நொறுங்கும். தகரக் கூரை அதற்கும் முன்பே பிரிந்துவிடும்.

சம்பவ இடத்தில் இதை எப்படிப் படிப்பது? கருகிய இடத்தைத் தேடுவதைவிடச் சுத்தமான இடத்தைத் தேட வேண்டும். இந்தக் கூடத்தில் திரும்புகாற்று டக்ட்டின் வாய்க்கு எதிரே இருந்த நான்கு உத்தரங்களில் பெயின்ட் நிறம் பளிச்சென்று தெரிந்தது. கைவைத்தால் தூசி ஒட்டவில்லை. மூலையில், தூண் மறைவில் இருந்த உத்தரத்தில் விரல்கடை உயரத் தூசி அப்படியே கிடந்தது. அதன் ஒரு பக்கம் மட்டும் லேசாகப் பழுத்து, உள்ளே வெள்ளையாக இருந்தது. காற்றலை எங்கே துடைத்தது, எங்கே எட்டவில்லை, தீ எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற மூன்றுக்கும் விடை அந்த உத்தரங்களில் இருந்தது. கதவு வளைந்த திசை, டக்ட் எந்த இணைப்பில் பிரிந்தது என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வெடிப்பையும் வரிசைப்படுத்திவிடலாம். அவசரப்பட்டுக் கழுவிவிட்டால் இத்தனையும் போய்விடும்.

மேலே ஏறுவது யார் வேலை

துப்புரவு ஒப்பந்தத் தாளைப் பார்த்தால் விஷயம் புரியும். “தரை, இயந்திரச் சுற்றுப்புறம், கழிவறை, தினமும் இருமுறை.” துடைப்பம் எட்டும் உயரம் வரை அந்த வேலைக்காரர்களின் பொறுப்பு. இயந்திரம் மெய்ண்டனன்ஸின் பொறுப்பு. உத்தரம் யாருடையதும் இல்லை. கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றே: “மேல யாரு ஏறுவா அண்ணே, கான்ட்ராக்ட்ல தரை மட்டும்தான்லா.” ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கோ சீனப் பெருநாளுக்கோ ஆலையை மூடும்போது, ஏர் கன்னைப் பிடித்து மேலிருந்து கீழே ஊதித் தள்ளுவது வழக்கம். அன்று அந்தக் கூடத்துக்குள் இருப்பது நாம் மேலே கணக்குப் போட்ட அதே மேகம். விளக்கு எரிகிறது, போர்க்லிப்ட் ஓடுகிறது.

மறைந்த தூசி கொன்ற கதைகள் பதிவில் உள்ளன. 2003 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில், கின்ஸ்டனில், ரப்பரில் மருத்துவப் பொருள் செய்யும் ஆலை ஒன்று வெடித்து 6 பேர் இறந்தார்கள். ரப்பர் ஒட்டாமலிருக்கப் பூசிய பாலிஎத்திலீன் மாவு உலர்ந்து, பொய்க்கூரைக்கு மேலே சேர்ந்திருந்தது. கீழே வேலை செய்யும் இடம் கண்ணாடி போலச் சுத்தம். கையுறை ஆலைகள் நிறைந்த நாட்டில் இருக்கும் நமக்கு அந்தப் பொய்க்கூரை முக்கியம். 2008 பிப்ரவரி 7 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் 14 பேர் மாண்டார்கள். அங்கே சைலோவுக்குக் கீழே திறந்தபடி ஓடிய கன்வேயரைச் சர்க்கரையில் அழுக்கு விழாமலிருக்கத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். மூடியதால் உள்ளே தூசி மேகம் சேர்ந்தது; சூடான பேரிங் பற்றவைத்திருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதற்குப் பிறகு பேக்கிங் கட்டடங்களின் மாடி மாடியாக ஓடியது, படிந்து கிடந்த சர்க்கரைத் தூசியின் வெடிப்பு. நல்ல எண்ணத்தில் செய்த ஒரு மாற்றம், எங்கள் மாதிரி ஆலையின் திரும்புகாற்று டக்ட்டைப் போலவே.

“நம்ம ஊரு ஈரக்காத்து”

மலேசியாவில் இந்த நம்பிக்கை ஆழமாக இருக்கிறது: காற்றில் 80 விழுக்காடு ஈரம், தூசி எப்படி வெடிக்கும்? காற்றின் ஈரமும் தூளின் ஈரமும் ஒன்றல்ல. 80 விழுக்காடு ஈரக்காற்றில் நாள்கணக்கில் கிடந்தாலும் மரம் 16 விழுக்காட்டுச் சுற்றில் நின்றுவிடும். மரத்தூள் கிளம்பவும் பற்றவும் சிரமப்படுவது ஏறத்தாழ 25 விழுக்காட்டுக்கு மேல்தான். சூளையிலிருந்து வந்த 8 விழுக்காட்டுப் பலகை, சாண்டர் பட்டையின் சூட்டில் இன்னும் உலர்ந்து தூளாகி, நேரே டக்ட்டுக்குள் போகிறது. வெளியே மழை கொட்டினாலும் அதற்குத் தெரியாது.

உலர்ந்த மரத்தின் விளைவை 2012-இல் கனடா கண்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜனவரி 20 அன்று பர்ன்ஸ் லேக்கிலும், ஏப்ரல் 23 அன்று பிரின்ஸ் ஜார்ஜிலும் அறுப்பாலைகள் வெடித்து ஒவ்வொன்றிலும் 2 பேர் இறந்தார்கள். வண்டு அரித்து நின்றபடியே காய்ந்த பைன் மரத்தை அந்த வட்டார ஆலைகள் அறுத்துவந்த காலம் அது. பச்சை மரத்துக்குப் போதுமானதாக இருந்த ஏற்பாடு, உலர்ந்த மரத்துக்குப் போதவில்லை.

போரான் ஏற்றிய மரம் தீப்பிடிக்காது என்பது இன்னொரு பேச்சு. பூச்சிக்காக ஏற்றும் அளவு மரத்தின் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். தூசி வெடிப்பை நிறுத்த அது போதாது.

இயந்திரத்தில் செய்ய வேண்டியது

பணம் குறைவென்றால் எதை முதலில் செய்வது என்பதுதான் ஆலைக்காரரின் உண்மையான கேள்வி. வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. சிலர் பொறி கண்டறியும் கருவியை முதலில் வாங்கச் சொல்வார்கள்.

முதலில் திரும்புகாற்று டக்ட்டை வெட்டி, காற்றை வெளியே விட வேண்டும். தாமான்காரர்களின் புகார் நியாயமானது. அதற்கு மருந்து, கிழிந்த பையை மாற்றுவதும் வெளிவாயிலில் இரண்டாம் நிலை வடிகட்டி வைப்பதும். திரும்புகாற்று வேண்டவே வேண்டும் என்றால், வெடிப்பின்போது அடைக்கும் வால்வும் பொறி உணரியும் அந்த டக்ட்டில் இருக்க வேண்டும். செலவைக் கணக்குப் பார்த்தால் வெளியே விடுவதே மலிவு.

அடுத்தது, தூசி வரும் டக்ட்டில் பின்வெடிப்பைத் தடுக்கும் மடல். ஃபேன் ஓடும்போது காற்றில் திறந்து நிற்கும். கலெக்டரிலிருந்து அழுத்தம் திரும்பினால் அறைந்து மூடும். அதைக் கலெக்டரின் கழுத்திலேயே பொருத்தக் கூடாது. சான்றிதழில் குறைந்தபட்சத் தூரமும் அதிகபட்சத் தூரமும் போட்டிருக்கும். அந்த இடைவெளிக்குள் பொருத்த வேண்டும். கிட்டப் போனால் மூடுமுன் தீ கடந்துவிடும். தூரப் போனால் டக்ட்டுக்குள் வெடிப்பு வேகம் பிடித்து மடலையே உடைக்கும். மடலின் அடியில் தூள் சேர்ந்தால் முழுதாக மூடாது. மாதம் ஒருமுறை கதவைத் திறந்து கையால் ஆட்டிப் பார்ப்பது அவசியம்.

ரோட்டரி வால்வ் தீயைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எல்லா ரோட்டரி வால்வும் தடுக்காது. இறக்கை உலோகமாக, குறைந்தது 3 மி.மீ. தடிமனாக இருக்க வேண்டும். இறக்கை நுனிக்கும் உறைக்கும் இடையே 0.2 மி.மீ.க்கு மேல் சந்து கூடாது. எந்த நேரத்திலும் இரு பக்கமும் இரண்டிரண்டு இறக்கை உறையோடு ஒட்டி நிற்க வேண்டும். மாதிரி ஆலையில் நுனியில் ரப்பர் பட்டை திருகியிருந்தது. ரப்பர் எரிந்தால் சந்து அகலும். மரச்சில்லு உராய்ந்து தேய்வதால் ஃபீலர் கேஜ் விட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வைக்க வேண்டும். கூடவே ஒரு மின் மாற்றம்: ஃபேன் நின்ற பிறகும் ரோட்டரி வால்வ் பத்து நிமிடமாவது ஓடி ஹாப்பரைக் காலி செய்ய வேண்டும். டைமர் ஒன்று போதும். இரவில் கனல் தங்க இடமிருந்திருக்காது.

ரம்பத்தையும் சாண்டரையும் பிரிப்பது செலவான வேலை. புதுக் கலெக்டரே வாங்க நேரிடலாம். பிரிக்க முடியாத இடத்தில்தான் பொறி கண்டறிந்து அணைக்கும் கருவிக்கு முழு மதிப்பு. டக்ட்டில் அகச்சிவப்பு உணரி. பொறியைக் கண்டதும் கீழ்க்காற்றில் உள்ள நாசில் தண்ணீர்த் திரை போடும். இங்கே நடக்கும் தவறு தூரத்தில். உணர்ந்து, வால்வ் திறந்து, தண்ணீர் பரவ 0.3 விநாடி ஆகும் என்றால், 20 மீட்டர் வேகத்தில் பொறி அதற்குள் 6 மீட்டர் போயிருக்கும். நாசில் அதற்கும் அப்பால் இருக்க வேண்டும். இடமில்லை என்று 3 மீட்டரில் பொருத்தினால் தண்ணீர் நனைப்பது பொறி போன பாதையை. ஃபேன் பெல்ட்டை மாற்றிக் காற்று வேகம் கூடினாலும் அதே கதை. கருவியை நிறுவியவரிடம் சொல்லி மறுபடி கணக்கிட வேண்டும்.

வெண்ட் பேனலுக்கு எதிரே எதையும் கட்டக் கூடாது, நிறுத்தக் கூடாது, யாரும் நடக்கவும் கூடாது. தரையில் மஞ்சள் கோடு போட்டால் ஆறு மாதத்தில் அதன் மேல் பேலட் ஏறிவிடும்; வேலி போடுங்கள். கொட்டகையை இடிக்க முடியாவிட்டால் தீயை விழுங்கி அழுத்தத்தை மட்டும் விடும் வகைப் பேனல் கிடைக்கிறது. விலை கூடுதல்.

பலகை வரும் பாதையில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ரிப் சாவுக்குள் அது போகுமுன் உலோகம் கண்டறியும் சட்டம் ஒன்று. கம்பியுள்ள பலகை வெளியே தள்ளப்பட்டுத் தனி அடுக்குக்குப் போக வேண்டும். பொறி தெரிந்தாலோ பிளேடு கிறீச்சிட்டாலோ ஓட்டுநர் செய்ய வேண்டியதை இயந்திரத்திலேயே ஒட்டுங்கள்: ரம்பத்தை நிறுத்து, சாண்டரை நிறுத்து, கலெக்டர் ஃபேனை நிறுத்தச் சொல், சூப்பர்வைசரைக் கூப்பிடு, ஹாப்பர் கதவைத் திறக்காதே. ஹாப்பரின் வெளித்தகட்டில் வெப்பநிலைக் கருவியைக் காட்டி அரைமணிக்கு ஒருமுறை பார்த்து, சூடு ஏறவில்லை என்று உறுதியான பிறகே மறுபடி தொடங்க வேண்டும். சூடு தெரிந்தால் பைகளை உதறும் காற்றை முதலில் அடைக்க வேண்டும்.

பைகள் மின்கடத்தும் நூல் கலந்தவையாக இருந்தாலும், உள்ளிருக்கும் கம்பிக் கூண்டு எர்த்தோடு சேராவிட்டால் பயனில்லை. பையின் மடிப்பு கூண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே அமர்ந்து இணைப்பைத் துண்டித்துவிடும். பை மாற்றும் ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்து, கூண்டிலிருந்து எர்த் வரை 10 ஓமுக்குக் கீழ் என்று பாருங்கள்.

மோட்டார், விளக்கு, பெட்டி ஆகியவை தூசி புகாத வகையாக இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. பலர் மறப்பது மேற்பரப்புச் சூடு: 5 மி.மீ. தூசிப் படலம் எந்தச் சூட்டில் கனலத் தொடங்குமோ அதைவிட 75 டிகிரி குறைவாகவே கருவியின் மேற்பரப்பு இருக்க வேண்டும். வெல்டிங் வேலைக்குப் பெர்மிட், சுற்றிலும் 11 மீட்டர் சுத்தம், முடிந்த பின்னும் காவல். லாக்கர் பூச்சு அடிக்கும் அறையின் ஆவி சாண்டிங் கூடத்துக்குள் கசிந்தால் தூசி இன்னும் சிறிய பொறிக்கே பற்றும். இரண்டுக்கும் நடுவே கதவு போதாது, சுவர் வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

எவ்வளவு தூசி அதிகம்? அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநிலைகளில் நெடுநாள் புழங்கும் எண் 0.8 மி.மீ., அதுவும் தரைப்பரப்பின் 5 விழுக்காட்டில். அந்த எண் கன மீட்டருக்கு 1,200 கிலோ அடர்த்தியுள்ள தூசிக்கு வகுத்தது. இலேசான மரத்தூளுக்குக் கணக்கு போட்டால் கூடுதல் தடிமன் வரும். இருந்தாலும் உத்தரத்தின் மேல் ஸ்கேல் வைத்து யாரும் அளக்கப் போவதில்லை. அடியிலுள்ள பெயின்ட்டின் நிறம் தெரியவில்லையா, அன்றே எடுக்க வேண்டும். இந்த ஒரு விதியைச் சுவரில் எழுதலாம். உத்தரங்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தால் கீழிருந்து பார்த்தாலே தெரியும்.

எடுப்பது வேக்கும் கிளீனர் கொண்டு. தூசி மண்டலத்துக்குச் சான்று பெற்ற வகை, மின்கடத்தும் ஹோஸ், எர்த் வயர். கடையில் வாங்கும் சாதாரண வேக்கும் தன் மோட்டாருக்குள்ளேயே தூசியை இழுத்துப் பொறி காட்டும். மேலிருந்து கீழாக வேலை. எட்டாத சந்துக்கு மட்டும், வேக்கும் முடிந்த பிறகு, மின்சாரமும் சூடும் அணைத்து, 2 பாருக்கு மிகாமல் ஏர் கன். ஒப்பந்தத்தில் உயரத்தை எழுதுங்கள்: “தரையிலிருந்து கூரை வரை, எல்லாக் கிடைமட்டப் பரப்பும்.” விலை கூடும். ஏணியில் ஏறுவதும் தனி ஆபத்து என்பதால் சிசர் லிஃப்ட் வாடகையும் சேரும். அதைவிட நல்லது, தூசி தங்காமல் செய்வது: உத்தரத்தின் மேல்முகத்தில் 60 டிகிரி சரிவில் தகடு வைத்து மூடுவது, சாண்டரின் உறிஞ்சு வாயில் காற்று வேகம் குறைந்ததா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது. மேலே தூசி சேர்கிறதென்றால் கீழே எங்கோ உறிஞ்சல் போதவில்லை.

தீ பிடித்துவிட்டால்

படிந்த தூசியில் தீ என்றால் எக்ஸ்டிங்குஷரின் சீறலை நேராக அடிக்கக் கூடாது, தூசி கிளம்பும். தண்ணீரை மூடுபனியாக, மெதுவாக, ஓரத்திலிருந்து. சைலோவுக்குள் புகைகிறதென்றால் மேல் மூடியைத் திறப்பதுதான் ஆட்களைக் கொல்லும் தவறு. காற்று புகும், தூள் சரியும். ஊட்டும் டக்ட்டை அடைத்து, ஆட்களை விலக்கி, தீயணைப்புத் துறையான பொம்பாவுக்கு “இது மரத்தூள் சைலோ” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கீழிருந்து நைட்ரஜனை மெல்ல ஏற்றுவது முறை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை நேரடியாகப் பாய்ச்சினால் பனித்துகள் உராய்ந்து நிலைமின்சாரம் உண்டாகும். அணைக்க வந்ததே பற்றவைக்கும். இங்கே சொன்ன தண்ணீர் மரத்தூளுக்கு மட்டும். அலுமினியம் மெருகேற்றும் பட்டறைக்கு இது பொருந்தாது. அங்கே ஈரமும் எதிரி. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷானில் சக்கரம் மெருகேற்றும் ஆலை வெடித்து, இறுதிக் கணக்கில் 146 பேர் மாண்டது அலுமினியத் தூசியில்.

சட்டப் பக்கம் சுருக்கமானது. 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் இல்லை. திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும். அபாய மதிப்பீடு முதலாளியின் கடமை. 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு அதிகாரி இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். பொதுக் கடமையை மீறினால் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். வெடிப்பு நடந்தால் காயம் இல்லாவிட்டாலும் அது ஆபத்தான சம்பவம்: வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி.க்கு உடனே தகவல், 7 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை. உயிர் காக்கவும் மேலும் சேதம் தடுக்கவும் தவிர இடத்தைத் தொடக் கூடாது.

மறுபடி தொடங்கும் முன்

தூளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். மாதிரியைத் தரையிலிருந்து அள்ளாமல் உத்தரத்திலிருந்தும் பையிலிருந்தும் தனித்தனியாக ஒரு கிலோ எடுக்க வேண்டும், மெல்லியது அங்கேதான். 20 லிட்டர் கோளத்தில் வெடித்துப் பார்த்து உச்ச அழுத்தமும், அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் காட்டும் கே.எஸ்.டி. எண்ணும் தருவார்கள். மரத்தூள் பெரும்பாலும் 200-க்குக் கீழ் உள்ள முதல் வகுப்பில் விழும். முதல் வகுப்பு என்றால் லேசானது என்று படித்துவிடக் கூடாது. மேலே சொன்ன சர்க்கரையும் அதே வகுப்புதான். வெண்ட் பேனலின் பரப்பு இந்த எண்ணிலிருந்து கணக்கிடப்படுவதால், பழைய பேனலின் அளவையே மறுபடி வாங்கிப் பொருத்துவது குருட்டு வேலை.

கடைசியில் இன்டர்லாக். பொறி உணரி, ரோட்டரி வால்வின் சுழற்சி சென்சார், பின்வெடிப்பு மடலின் நிலை ஸ்விட்ச், ஹாப்பர் வெப்பநிலை ஆகிய நான்கில் எது “சரி” காட்டாவிட்டாலும் சாண்டர் மோட்டார் ஸ்டார்ட் எடுக்கக் கூடாது. பேனலில் அதைத் தாண்டிப் போகும் பைபாஸ் சாவி இருந்தால், சாவி மேனேஜரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் நேரமும் காரணமும் புத்தகத்தில் ஏற வேண்டும். ஒரே காரணத்துக்கு இரண்டாம் முறை சாவி கேட்டு வந்தால் சாவியைக் கொடுக்காமல் அந்த உணரியைப் பழுது பாருங்கள்.